கடற்பாசியில் கைவைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்பாசியை அறுப்பவர்கள், வளர்ப்பவர்கள், சாப்பிடுபவர்கள் என எல்லோரும் செய்யும் பெரும்பாலான தவறுகளுக்குப் பின்னால் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: எல்லாப் பாசியும் ஒன்றுதான் என்பது. பச்சை, பழுப்பு, சிவப்பு என்று மூன்று பெரும் பிரிவுகள். அவற்றுக்குள் ஆயிரக்கணக்கான இனங்கள். ஒன்றுக்குச் சரியாக வரும் முறை இன்னொன்றை அடியோடு அழித்துவிடும்.

முதலில் அறுவடை. கையால் பிடித்து இழுத்துப் பிடுங்குவதுதான் மிகப் பெரிய தவறு. கடற்பாசிக்கு வேர் கிடையாது. சத்துகளை உடல் முழுவதாலும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அடியில் இருப்பது பாறையைக் கவ்விக்கொள்ளும் பிடிப்பு மட்டும்தான். அது பெயர்ந்துவிட்டால் அந்தப் பாசி திரும்ப முளைக்காது. ஆகவே கூரான கத்தியால் அறுக்க வேண்டும்.

சரி, எந்த இடத்தில் அறுப்பது? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். லாமினேரியா போன்ற பெரிய பழுப்புப் பாசி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலையின் அடிப்பகுதி வழவழவென்று புதிதாக இருக்கும். நுனியோ கிழிந்து, சின்னச் சின்ன உயிர்கள் ஒட்டி, நைந்து போயிருக்கும். காரணம், இது வளர்வது நுனியில் அல்ல, தண்டும் இலையும் சேரும் இடத்தில். அந்த இடத்துக்கு மேலே கொஞ்சம் இலையை விட்டு அறுத்தால் மறுபடி நீளும். அதற்குக் கீழே தண்டில் வெட்டினால் அவ்வளவுதான். வட அட்லாண்டிக் கரைகளில் கிடைக்கும் அஸ்கோஃபில்லம் என்ற பழுப்புப் பாசி இதற்கு நேர்மாறு; அது நுனியில் வளரும், அதுவும் மிக மெதுவாக. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் அடிப்பிடிப்புக்கு மேல் 16 அங்குலம் விட்டுத்தான் அதை அறுக்க வேண்டும் என்று விதியே உண்டு. நல்ல விதி என்பேன். பாசிக்கூட்டம் மீன்குஞ்சுகளும் நத்தைகளும் ஒதுங்கும் இடம். ஒரே பாறையை மொட்டையடிக்காமல் அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தால் அவையும் பிழைக்கும்.

கரையொதுங்கிய பாசியை யாருக்கும் வேண்டாத குப்பை என்று நினைப்பதும் தவறுதான். அதற்குள் வாழும் சிறு உயிர்களைத்தான் கரைப்பறவைகள் தின்கின்றன. கனரக இயந்திரம் வைத்து வழித்தால் பாசியோடு மணலும் போய்விடும். 2011 முதல் கரீபியன் கரைகளில் ஒதுங்கும் சர்காசம் என்ற மிதக்கும் பாசி போல மலையாகக் குவிந்தால் அகற்றித்தான் ஆக வேண்டும். அதைக் குவித்து வைத்து அழுகவும் விடக்கூடாது. அழுகும் பாசியிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். வீட்டுப் பக்கம் அடித்தால் தலைவலியும் மூச்சுத்திணறலும்தான்.

வளர்ப்புக்கு வந்தால், விதைப்பாசியில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கராஜீனன் என்ற கூழ்மப் பொருளுக்காக வளர்க்கும் கப்பாபைகஸை விதை போட்டு வளர்ப்பதில்லை. துண்டுகளைக் கயிற்றில் கட்டினாலே பெருகும். கொழுத்த கிளைகளை விற்றுவிட்டு மிச்சம் மீதியை மறுபடி கட்டுவது பலருக்கும் பழக்கம். சில சுற்றுகளில் வளர்ச்சி மந்தமாகும்போது கடலைக் குறை சொல்கிறார்கள். நல்ல இளங்கிளைகளை முதலில் விதைக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதை விற்க வேண்டும். அப்புறம், சுமார் 45 நாள் ஆவதற்குள் அவசரப்பட்டு அறுப்பது. எடையும் குறையும், கூழ்மமும் வலுவில்லாமல் இருக்கும்.

அலையே இல்லாத அமைதியான மூலைதான் பாதுகாப்பு என்று நினைத்து அங்கே கயிறு கட்டுவார்கள். நீரோட்டம் இல்லாத இடத்தில் பாசிக்குச் சத்தும் வந்து சேராது, மேலே அழுக்கும் படியும். ஆற்று முகத்துவாரமும் ஆகாது. மழை வந்தால் உப்பு சட்டென்று இறங்கிவிடும். வெயில், உப்புக் குறைவு என்று ஏதோ ஒன்றில் பாசி வாடும்போதுதான் ‘ஐஸ்-ஐஸ்’ நோய் பிடிக்கிறது. கிளை திட்டுத்திட்டாக வெளுத்து, தொட்டாலே ஒடிந்து விழும். திறந்த கடலில் மருந்து தெளித்துப் பயனில்லை. அடிக்கடி போய்ப் பார்த்து, வெளுத்த கிளைகளை ஒடித்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கேயே கடலில் போட்டுவிட்டு வரக்கூடாது.

துண்டிலிருந்து பெருகும் குணமே வேறிடத்தில் வினையாகவும் முடியும். 1970களில் ஹவாயின் கனியோஹே விரிகுடாவுக்கு வளர்ப்புக்காகக் கொண்டுவந்த இந்த வகைப் பாசி பவளப் பாறைகள் மேல் படர்ந்து மூடியது. பிறகு உறிஞ்சும் இயந்திரம் வைத்தும், கடல் முள்ளெலிகளை வளர்த்து விட்டும் அதை அகற்ற வேண்டியதாயிற்று. வெளியூர்ப் பாசியை அனுமதியில்லாமல் கொண்டுவந்து கட்டுவதை நான் சின்னத் தவறாக நினைக்கவில்லை. மற்ற தவறுகளில் ஓர் அறுவடை போகும். இதில் கடலடி போகும்.

எல்லாப் பாசிக்கும் விதை இவ்வளவு எளிதாகக் கிடைத்துவிடுவதில்லை. சுஷி உணவைச் சுற்றப் பயன்படும் நோரி பாசிக்கு விதை எங்கிருந்து வருகிறது என்பதே ஜப்பானிய விவசாயிகளுக்குத் தெரியாமல் இருந்தது. 1949இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் கேத்லீன் ட்ரூ-பேக்கர், அந்த வகைப் பாசி தன் வாழ்வின் ஒரு பகுதியைச் சிப்பி ஓடுகளுக்குள் நுண்ணிய இழையாகக் கழிக்கிறது என்று காட்டினார். அதற்குப் பிறகுதான் ஓடுகளில் விதை தயாரித்து வலைகளில் வளர்க்க முடிந்தது.

உலர்த்துவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணலில் பரப்பாதீர்கள், உயர்த்திக் கட்டிய வலையில் பரப்புங்கள். மழையில் நனைய விடாதீர்கள். அரைகுறை ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

உணவாக எடுப்பவர்கள், இயற்கையானது என்பதால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று இருந்துவிடக் கூடாது. வயதுவந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம்தான். ஜப்பானியச் சமையலில் சேரும் ‘கொம்பு’ (kombu) என்ற பழுப்புப் பாசியைக் காயவைத்தால், அதில் ஒரு சிட்டிகையே அதைத் தாண்டிவிடலாம். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஹிஜிகி என்ற கறுப்புப் பாசியில் நஞ்சான கனிம ஆர்சனிக் அதிகம் என்பதால், அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை எச்சரித்திருக்கிறது. கழிவுநீர் கலக்கும் இடத்துப் பாசி எந்த இனமானாலும் வேண்டாம்; தண்ணீரில் உள்ள உலோகங்களை அது உடலில் சேர்த்துக்கொள்ளும்.

வயலுக்குப் போடுபவர்கள் முதலில் உப்பைக் கழுவிவிட வேண்டும். கடற்பாசிச் சாறு பயிரைத் தூண்டும், உரத்தின் வேலையை முழுதாகச் செய்யாது. அதில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. சாறு தெளித்தாயிற்று என்று அடியுரத்தை நிறுத்தாதீர்கள். சொன்ன அளவுக்கு மேல் கெட்டியாகத் தெளித்தால் பயிர் வளர்வதற்குப் பதில் குன்றவும் செய்யும்.