திசு வளர்ப்பு: பாட்டிலுக்குள் நுழையும் முன்னும் வெளியே வந்த பின்னும் நடக்கும் தவறுகள்

செடியின் சிறு துண்டைச் சத்துக் கலவையுள்ள பாட்டிலில் வளர்த்து நிறையக் கன்றுகளாக்குவதே திசு வளர்ப்பு. "டிஷ்யூ கல்ச்சர் கன்றுதானே, நோயே வராது" என்று ஜி9 என்ற வாழை ரகம் போடுபவர்களில் பலர் நம்புகிறார்கள். இது பாதிதான் உண்மை. பாட்டிலில் வளர்ந்த கன்றில் நூற்புழுவோ வாடல் நோய்ப் பூஞ்சையோ ஒட்டிக்கொண்டு வராது. ஆனால் தோட்டத்து மண்ணில் அந்தப் பூஞ்சை ஏற்கெனவே இருந்தால் இந்தக் கன்றும் வாடத்தான் செய்யும். வாழையில் முடிக்கொத்து நோயைத் தரும் வைரஸைச் சுமந்து வரும் அசுவினிப் பூச்சி, எது திசு வளர்ப்புக் கன்று என்று பார்த்து விலகிப் போகாது.

இதைவிடப் பெரிய தவறு தாய்மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கிறது. வைரஸ் செல்லுக்குள்ளே குடியிருப்பது. குருத்தை ஆல்கஹாலிலும் குளோரின் கரைசலிலும் எவ்வளவு கழுவினாலும் மேற்பரப்புதான் சுத்தமாகும். திசு வளர்ப்பு என்பது நகல் எடுக்கிற வேலை. நோயுள்ள ஓர் ஈட்டிக் கன்றை (தாய்மரத்தடியில் குறுகிய இலையோடு முளைக்கும் பக்கக் கன்று) எடுத்தால் நோயுள்ள கன்றுகள்தான் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அதனால்தான் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கென ஒரு சான்றளிப்பு முறையைக் கொண்டுவந்தது. கன்று வாங்கும்போது வைரஸ் பரிசோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது ஆசை. ஒரு குருத்திலிருந்து மீண்டும் மீண்டும் பிரித்து நட்டுக்கொண்டே போகலாம் என்று தோன்றும். சுற்று கூடக்கூட, குள்ளமானவை, இலை கோணியவை என்று மாறுபட்ட கன்றுகளும் பெருகும். வாழையில் எட்டுச் சுற்றுக்குள் நிறுத்திவிட்டுப் புதுக் குருத்து எடுப்பதே நல்லது.

ஆய்வகத்தில் ஊடகம், அதாவது பாட்டிலில் ஊற்றும் சத்துக் கலவை, தயாரிப்பது ஏறக்குறைய சமையல்தான். முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962-இல் தந்த எம்எஸ் கலவைதான் இன்றும் பெரும்பாலோர் கைவசம் இருப்பது. அமிலத்தன்மையை (pH) 5.8-க்குக் கொண்டுவந்த பிறகே, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் போதும். 'நன்றாக வேகட்டும்' என்று ஒரு மணி நேரம் விட்டால் சர்க்கரை சிதைந்து பழுப்பேறும், கலவையைக் கெட்டியாக்கும் அகாரும் சரியாக உறையாது. ஜிப்ரலின் போல வெப்பம் தாங்காத ஹார்மோன்களை ஆறிய பிறகு வடிகட்டிச் சேர்க்க வேண்டும். தளிர் நிறைய வரட்டும் என்று, தளிரைத் தூண்டும் ஹார்மோனான சைட்டோகைனினை அள்ளிப் போடுவதும் வேண்டாம். கண்ணாடி போன்ற, வேர் பிடிக்காத தளிர்கள்தான் மிஞ்சும்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள்கூடக் கோட்டை விடும் இடம், பாட்டிலைத் திறக்கும் நாள். உள்ளே காற்று எப்போதும் ஈரமாகவே இருந்ததால் இலையில் மெழுகுப் பூச்சு சரியாகப் படிந்திருக்காது, இலைத்துளைகளுக்கு மூடிக்கொள்ளத் தெரியாது. சர்க்கரையை ஊட்டிவிட்டே வளர்த்த பிள்ளை அது, தானாகச் சமைத்துச் சாப்பிட்டுப் பழகவில்லை. நேராக வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் துவண்டுவிடும். முதலில் வேரில் ஒட்டியிருக்கும் அகாரை முழுதாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சர்க்கரைக்குப் பூஞ்சை வரும். அப்புறம் தென்னை நார்க்கழிவில் நட்டு, மேலே ஒரு மூடி போட்டு உள்ளே ஈரம் காத்து, நாளுக்கு நாள் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். அதன்பின் பாலித்தீன் பைக்கு மாற்றி நிழல்வலையில் சில வாரம். சுமார் ஓர் அடி உயரமும் ஐந்தாறு இலையும் வந்த கன்றே தோட்டத்துக்குத் தயார். விலை குறைவு என்று இளங்கன்றை வாங்குவது லாபமில்லை.

விலங்குகளின் செல்களையும் இப்படி ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள், ஆனால் அந்தக் கதை வேறு. தாவர பாட்டிலில் பூஞ்சை விழுந்தால் சில நாளில் பஞ்சு மாதிரித் தெரிந்துவிடும். விலங்கு செல்களின் பெரிய எதிரியான மைக்கோபிளாஸ்மா என்ற மிகச்சிறு பாக்டீரியா கண்ணில் படாது, திரவமும் கலங்காது. அதற்குச் செல்சுவரே இல்லாததால், செல்சுவரைத் தாக்கும் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. எப்போதும் ஆன்டிபயாடிக் ஊற்றிக்கொண்டிருந்தால் நம் கையின் அசுத்தம் மறையுமே தவிரத் தீராது. மாதம் ஒருமுறையாவது சோதித்துவிடுவது நல்லது.

ஒரே நேரத்தில் இரண்டு செல்வகைகளைத் திறந்து வைப்பதும் ஆபத்து, ஒன்று மற்றதில் கலந்துவிடும். 1951-இல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் புற்றுத் திசுவிலிருந்து வந்த ஹீலா செல்கள் அசுர வேகத்தில் பெருகுபவை. வெவ்வேறு திசுக்களிலிருந்து வந்தவை என்று நம்பி வளர்த்த பல செல்வகைகள் உண்மையில் ஹீலாதான் என்று 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் காட்டினார். இன்று டிஎன்ஏ சோதனையில் அடையாளம் உறுதி செய்துகொள்ளலாம்.

தேர்வுத்தாளில் மாணவர்கள் செய்யும் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தாவரச் செல் முழுச் செடியாகும், சரி. அதே மாதிரி விலங்குச் செல்லை வளர்த்தால் விலங்கு வரும் என்று எழுதி, டாலி ஆட்டை உதாரணம் காட்டுகிறார்கள். 1996-இல் பிறந்த டாலி வளர்ப்புத் தட்டில் உருவானதல்ல. மடிச் செல்லின் உட்கருவைக் கருமுட்டைக்குள் செலுத்தி, அந்தக் கருவை இன்னோர் ஆடு சுமந்து பெற்ற குட்டி அது. தட்டில் வளரும் விலங்குச் செல்கள் செல்களாகவே இருக்கும். போலியோ தடுப்பூசிக்கு வைரஸை வளர்க்க அவையே போதுமாயிருந்தன.