டிஜிட்டல் கதை: ஆப்பைத் திறக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

டிஜிட்டல் கதை என்பது, சொந்தக் கதையைத் தன் குரலில் சொல்லி, படங்களோடு சேர்த்துச் செய்யும் சின்ன வீடியோ. "டிஜிட்டல் கதை செய்து வாருங்கள்" என்று பேராசிரியர் சொன்னதும் மாணவர்கள் முதலில் தேடுவது எடிட்டிங் ஆப்பைத்தான். கோளாறு அங்கேயே ஆரம்பிக்கிறது.

1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் நண்பர்களும் இதற்கான பட்டறைகளை நடத்தியபோது, கதை வட்டத்துக்குப் பிறகுதான் கணினி. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையை வாய்விட்டுச் சொல்வார்கள். கேட்பவர் முகத்தில் எங்கே சலிப்பு தட்டுகிறது என்பதைப் பார்த்தாலே ஸ்கிரிப்டில் எதை வெட்டலாம் என்று தெரிந்துவிடும். நேரமில்லை என்று நம் வகுப்புகளில் முதலில் கைவிடப்படுவதும் இந்த வட்டம்தான்.

அடுத்த தவறு, பாடம் முழுவதையும் திணிப்பது. வேல்ஸ் மக்கள் தங்கள் கதைகளைத் தாங்களே வீடியோவாக்கிய, 2001இல் தொடங்கிய பிபிசியின் 'கேப்சர் வேல்ஸ்' திட்டத்துக்கு வழிகாட்டிய டேனியல் மெடோஸ் சொன்ன கணக்கு: சுமார் 250 சொற்கள், ஒரு டஜன் படங்கள், இரண்டு நிமிடம். இந்த நெருக்கடிதான் எது முக்கியம் என்று யோசிக்க வைக்கிறது. 'மண்ணரிப்பு என்பது' என்று தொடங்கினால் அது குரல் கொடுத்த பவர்பாயிண்ட். ஆற்றங்கரையில் இருந்த எங்கள் தென்னை எந்த மழையில் சாய்ந்தது என்று தொடங்கிப் பாருங்கள், மண்ணரிப்பு தானாக உள்ளே வந்துவிடும்.

தன் குரல் பிடிக்கவில்லை என்று கணினிக் குரலைப் போடுகிறவர்கள் நிறைய. (யாருக்குத்தான் தன் குரல் பிடிக்கிறது?) மின்விசிறியை நிறுத்திவிட்டு, போர்வைக்குள் ஃபோனை வைத்துப் பேசினாலே போதும். பின்னணி இசை பேச்சை அமுக்கக் கூடாது. 'பாட்டி அழுதாள்' என்னும் வரிக்கு, இணையத்தில் எடுத்த அழும் முகம் வேண்டாம். அவளுடைய காலி நாற்காலி போதும்.

ஆசிரியர்கள் பக்கமும் தவறு உண்டு. மாணவர்களிடம் நான் அதிகம் கேட்ட புலம்பல்: "ஐந்து பேர் குழுவில் லேப்டாப் வைத்திருந்தவன் தலையில்தான் எல்லாம் விழுந்தது." எடிட்டிங் மினுமினுப்புக்கே மதிப்பெண் போனால் அப்படித்தான் ஆகும். ஸ்கிரிப்டுக்கும் திருத்திய பிரதிகளுக்கும் தனியாக மதிப்பெண் கொடுங்கள். அப்புறம், சொந்தத் துயரத்தைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். வகுப்பில் போட்டுக் காட்டச் சம்மதித்த கதையை யூடியூபில் ஏற்றுவதென்றால், அந்த மாணவரிடமும் படத்தில் இருக்கும் பாட்டியிடமும் மறுபடி கேட்டாக வேண்டும்.