வயிறா, முதுகா, தொடையா: மார்பை மறுபடி அமைக்க எங்கிருந்து எடுப்பது?

புற்றுநோயால் எடுத்த மார்பை உடம்பின் இன்னொரு இடத்துச் சதையால் மறுபடி அமைப்பதைப் பற்றி டாக்டர் படம் காட்டும்போது எல்லாரும் மார்பையே பார்க்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் சிஸ்டராக இருந்த காலம் முழுக்க நான் சொன்னது வேறு: சதை எடுக்கப் போகிற இடத்தைப் பாருங்கள். மார்பு சுமக்காது, தள்ளாது, குனிந்து நிமிராது. வயிறும் முதுகும்தான் அதையெல்லாம் செய்கின்றன.

அதனால் டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன்னால், உங்கள் உடம்பு ஒரு நாளில் என்னென்ன செய்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பத்து கிலோ மீலி (மக்காச்சோள) மாவு மூட்டையைத் தூக்குவீர்களா? படுக்கையில் இருக்கும் மாமியாரைத் தூக்கி உட்கார வைப்பது நீங்கள்தானா? கடலில் நீந்துவீர்களா? தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பீர்களா? டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு பெரியம்மா ஊன்றுகோலோடு நடப்பவர். அதைச் சொன்ன பிறகுதான் முதுகிலிருந்து எடுக்கும் யோசனை கைவிடப்பட்டது. ஊன்றுகோலை அழுத்த முதுகுத் தசை வேண்டுமே.

முதலில் வயிறு. தொப்புளுக்குக் கீழே இருக்கும் தோலும் கொழுப்பும் மார்பைப் போலவே மெத்தென்று இருக்கும், அளவும் பெரும்பாலும் போதும். எடுக்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு. பழையது டிராம். அமெரிக்காவின் கார்ல் ஹார்ட்ராம்ப் 1982இல் எழுதி வெளியிட்ட முறை. வயிற்றின் நேர்த்தசையோடு சேர்த்து, ரத்த ஓட்டத்தை அறுக்காமல், தோலுக்கு அடியில் மேலே கொண்டுபோய் மார்பில் வைப்பார்கள். நுண்ணோக்கி தேவையில்லை, நேரமும் குறைவு. ஆனால் தசை வயிற்றை விட்டுப் போய்விடுகிறது. படுக்கையிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டிவரும், வயிறு முன்தள்ளலாம், குடலிறக்கமும் வரலாம். தூக்கிச் சுமக்கிற வேலை உள்ளவர்கள் இதற்குச் சட்டென்று தலையாட்ட வேண்டாம்.

இன்னொன்று டீப் ஃபிளாப் (ஃபிளாப் என்றால் எடுத்து வைக்கும் சதை). தசையை இடத்திலேயே விட்டுவிட்டு, அதை ஊடுருவி வரும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ரத்தக்குழாய்களை மட்டும் பிரித்தெடுத்து, தோலையும் கொழுப்பையும் முழுதாகக் கழற்றுவார்கள். பிறகு மார்பெலும்பின் ஓரத்தில் ஓடும் ரத்தக்குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் தைப்பார்கள். ஒரு பக்கத்துக்கே 6 முதல் 8 மணி நேரம் ஆகலாம். எந்தக் குழாய் எங்கே வருகிறது என்று தெரிய முன்கூட்டியே சிடி ஸ்கேன் எடுப்பது வழக்கம். சிசேரியன் தழும்பு பெரும்பாலும் தடையில்லை. தொப்பையின் தோலையும் கொழுப்பையும் ஏற்கெனவே வெட்டி எடுத்திருந்தால் வயிற்றை மறந்துவிட வேண்டியதுதான்.

டீப்பின் உயிர் முதல் இரண்டு மூன்று நாளில் இருக்கிறது. மணிக்கொரு தரம் வந்து நிறம் பார்ப்போம், தொட்டுச் சூடு பார்ப்போம், விரலால் அழுத்தி ரத்தம் திரும்புகிறதா என்று பார்ப்போம், ரத்தம் ஓடும் சத்தத்தை டாப்ளர் கருவியை வைத்துக் கேட்போம். வெளுத்தால் ரத்தம் வரவில்லை, நீலம் பாய்ந்தால் வந்த ரத்தம் திரும்பிப் போகவில்லை. இரண்டிலும் உடனே ஆபரேஷன் தியேட்டருக்குத்தான். சில மணி நேரம் தாமதித்தால் மொத்தமும் போய்விடும். பழகின கைகளில் வைத்த சதை முழுதாகச் செத்துப்போவது நூற்றில் ஒன்றிரண்டுதான். ஆகவே சர்ஜனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வருஷத்துக்கு எத்தனை டீப் செய்கிறீர்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு நிறம் மாறினால் யார் பார்ப்பார்கள், யார் வருவார்கள்? முதல் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டாவதுக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் நான் இன்னொரு டாக்டரையும் பார்ப்பேன்.

வயிற்றை ஒரே முறைதான் எடுக்க முடியும். குடும்பத்தில் பலருக்கு இந்த நோய் இருந்து, அடுத்த மார்பையும் எடுக்க நேரலாம் என்றால், மரபணுச் சோதனையின் முடிவு வரட்டும். அப்புறம் முடிவு செய்யுங்கள்.

முதுகிலிருந்து எடுப்பது லாட்டிசிமஸ். தோள்பட்டைக்குக் கீழே உள்ள அகலமான தசையைத் தோலோடு அக்குள் வழியாக முன்னால் திருப்புவார்கள். ரத்த ஓட்டம் அறுபடாததால் நம்பகமானது. மெலிந்தவர்கள், நீண்ட மயக்கம் தாங்காதவர்கள், சர்க்கரையால் குழாய்கள் கெட்டவர்கள் ஆகியோருக்கு இதைச் சொல்வார்கள். சதை போதாவிட்டால் உள்ளே சிலிகோன் பை வைப்பார்கள் அல்லது பிற்பாடு கொழுப்பை ஊசியில் ஏற்றுவார்கள். முதுகில் நீர் கோத்துக்கொள்வது சகஜம், வாரக்கணக்கில் ஊசியால் எடுக்க வேண்டியிருக்கலாம். துணி காயப்போடக் கை தூக்குவதெல்லாம் திரும்ப வந்துவிடும். நீச்சலிலும் ஏறுவதிலும் பலம் குறையும்.

தொடையும் பிட்டமும் வயிறு கிடைக்காதவர்களுக்கு. நுண்ணோக்கி வேலைதான். தொடையில் சதை குறைவு, உட்காரும்போது கொஞ்ச நாள் தழும்பு இழுக்கும்.

ரேடியேஷன் உண்டா என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடும். புதிதாக வைத்த சதைமேல் கதிர் பட்டால் அது சுருங்கி இறுகலாம். அதனால் பல டாக்டர்கள் ரேடியேஷன் முடிந்து 6 முதல் 12 மாதம் கழித்துச் செய்யச் சொல்வார்கள். தள்ளிப்போட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஒன்றும் வைக்காமல் தட்டையாக விடுவதும், பிராவுக்குள் செயற்கை மார்பு வைத்துக்கொள்வதும் முழு முடிவுகள்தான்.

நம்மவர்களுக்குச் சர்க்கரை அதிகம். ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) கட்டுக்குள் வரும்வரை தேதி கேட்காதீர்கள், புண் ஆறாது. சிகரெட், வேப், ஹப்ளி (ஹூக்கா) எல்லாம் குறைந்தது 4 வாரம் முன்பே நிற்க வேண்டும். "கல்யாண வீட்டில் ஒரே ஒரு ஹப்ளி, சிஸ்டர்" என்பார்கள். அந்த ஒன்றும் கணக்குத்தான். மார்புப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்சிஃபன் மாத்திரை ரத்தம் உறைவதைக் கூட்டும். எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வயிற்றுக் கொழுப்பு மார்புக்குப் போனாலும் வயிற்றுக் கொழுப்புதான். எடை ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும்.

பணம். மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டு ஸ்கீமில்) இருந்தால் ஆத்தரைசேஷன் நம்பர், அதாவது முன் அனுமதி எண், வாங்குவதோடு நிற்காதீர்கள். அடுத்த மார்பைச் சமமாக்கும் அறுவை, முலைக்காம்பு அமைப்பது, அதன் நிறத்துக்குப் பச்சை குத்துவது, இவையும் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். சர்ஜனும் மயக்க டாக்டரும் ஸ்கீம் விலைக்கு மேல் கேட்பதுண்டு, இரண்டு பேரிடமும் தனித்தனியே கொட்டேஷன் வாங்குங்கள். ஸ்கீம் கொடுக்காத மீதிக்கு உதவும் கேப் கவர் என்ற தனிக் காப்பீட்டை நோய் வந்த பிறகு எடுத்தால் அது உடனே கை கொடுக்காது.

வயிற்றிலிருந்து எடுத்தால் முதல் வாரம் கூனித்தான் நடப்பீர்கள், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத்தான் தூங்குவீர்கள். ஆறு வாரமாவது கனமான எதையும் தூக்க வேண்டாம், பேரப்பிள்ளையையும் சேர்த்துத்தான். புதிய மார்பில் உணர்ச்சி இருக்காது அல்லது கொஞ்சமே திரும்பும். சூடான தண்ணீர்ப் பையை அங்கே வைக்கவே கூடாது, பொசுங்குவது தெரியாது. முன்பக்கம் திறக்கிற உடைகளை முன்னாலேயே எடுத்து வையுங்கள். பிளவுஸ் தைக்கக் கொடுக்க அவசரப்படாதீர்கள்: வீக்கம் வடிய மூன்று மாதம் போல ஆகும். அடுத்த மார்பைச் சரிசெய்யும் அறுவை உண்டு என்றால் அதுவும் முடியட்டும்.