மனநல மையத்தில் பாட்டுக் குழு: நடத்துபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

மனநல மறுவாழ்வு இல்லங்களிலும் டே கேர் மையங்களிலும் வாரம் ஒருமுறை எல்லோரும் கூடிப் பாடுவதும் தாளம் தட்டுவதும் பல ஊர்களில் நடக்கிறது. நடத்துபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர், கல்லூரிக் கலைக்குழுப் பிள்ளைகள், கிட்டார் வாசிக்கும் சமூகப்பணி மாணவர். இசையும் தெரியும், மனசும் நல்ல மனசு. இருந்தும் பாதிக் குழுக்கள் சில மாதங்களிலேயே நொடித்துப்போகின்றன. நான் பார்த்தவரை காரணம் ஒன்றுதான். கூடி வாசிக்கும் அந்த ஒரு மணி நேரத்தை வேறு எதற்காவது பயன்படுத்தப் பார்க்கிறார்கள்: நோயை விரட்ட, கலையை வளர்க்க, ஆண்டுவிழாவை ஒப்பேற்ற.

நோயை விரட்டும் ஆசையிலிருந்து தொடங்கலாம். "இந்த ராகம் மன அழுத்தத்துக்கு, அந்த ராகம் தூக்கமின்மைக்கு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் ஓயாமல் சுற்றுகிறது. அதை மையத்துக்குள் கொண்டுவந்தால், அடுத்த மாதமே ஒரு அம்மா வந்து, "பாட்டுக்கு வர ஆரம்பிச்சதிலிருந்து நல்லா இருக்கான் சார், மாத்திரையைக் குறைச்சிடலாமா?" என்று கேட்பார். மனச்சிதைவுக்கு (ஸ்கிசோஃப்ரினியா) இசைச் சிகிச்சை பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் தொகுத்த மதிப்பாய்வில் 18 ஆய்வுகள், 1,215 பேர். வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது பலன் இருந்தது. எத்தனை அமர்வுகள் நடந்தன, எவ்வளவு நன்றாக நடந்தன என்பதைப் பொறுத்து அது கூடிக் குறைந்தது. இசைச் சிகிச்சை என்பது அதற்கென்று பயிற்சி பெற்றவர் நடத்துவது. தன்னார்வலர் நடத்துவது பாட்டுக் குழு. அதற்குச் 'சிகிச்சை' என்று போர்டு மாட்டாதீர்கள். மாத்திரையைப் பற்றிக் கேட்டால் டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள்.

பாட்டுக் குழு என்று சொன்னால் மதிப்புக் குறைந்துவிடாது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்த 134 தாய்மார்களை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. பத்து வாரங்களில் எல்லோருக்குமே நிலைமை மேம்பட்டது. ஆனால் நடுத்தரமாகவோ கடுமையாகவோ மனச்சோர்வு இருந்தவர்களில், குழந்தையோடு வந்து கூடிப் பாடியவர்களுக்கு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட வேகமாகக் குறைந்தது. கைக்குழந்தையோடு தவிக்கும் ஒருத்திக்குச் சில வாரங்கள் முன்னதாகத் தெளிவு வருவது சின்ன விஷயமா?

அடுத்தது பாட்டு வாத்தியார் புத்தி. சுருதி சேரவில்லை, 'ழ' வரவில்லை, தாளம் ஓடுகிறது என்று நிறுத்தி நிறுத்தித் திருத்துவது. வட்டத்தில் இருப்பவர்களில் பலர் வீட்டிலும் வேலையிலும் வருடக்கணக்காகத் திருத்தப்பட்டே களைத்தவர்கள். அதற்காகத் தரம் பார்க்கவே கூடாதென்று இல்லை. கூட்டமாகப் பாடி ஓர் இடத்தில் குரல்கள் ஒன்று சேர்ந்தால், அது அவர்களுக்கும் தெரியும், முகம் மலரும். அப்படிச் சேரக்கூடிய பாட்டை எடுப்பது நம் பொறுப்பு. சினிமாப் பாட்டில் பல்லவி எல்லோருக்கும் எட்டும். சரணத்தில் மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். பல்லவியோடு நிறுத்திக்கொண்டால் குடிமுழுகிப்போகாது. பாட்டு ஒரு ஸ்தாயிக்குள் அடங்க வேண்டும். ஒன்று, ஒன்றரைக் கட்டைச் சுருதியில் ஆரம்பித்தால் ஆண்கள் கீழேயும் பெண்கள் ஒரு ஸ்தாயி மேலேயும் சிரமமில்லாமல் சேர்ந்துகொள்வார்கள். பாட்டு டீச்சர் தனக்கு வசதியான ஐந்தரைக் கட்டையிலேயே எடுத்தால் ஆண்கள் பக்கம் அமைதியாகிவிடும்.

இதற்கெல்லாம் நம் நாட்டுப்புறப் பாட்டிலேயே வழி இருக்கிறது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் 'ஏலேலோ ஐலசா' என்றோ 'தன்னானே' என்றோ திருப்பிச் சொல்கிற வடிவம். வலை இழுத்தவர்களும் ஏற்றம் இறைத்தவர்களும் களையெடுத்தவர்களும் வேலைக்காகவே உருவாக்கியது. மனப்பாடம் வேண்டாம், எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டாம், கவனம் சிதறி இரண்டு வரி விட்டுப்போனாலும் அடுத்த ஐலசாவில் ஏறிக்கொள்ளலாம். அப்படி ஒரு கூட்டத்தில் ஒருவர் ஒரு மணி நேரமும் சுவரோரமாக நடந்துகொண்டே இருந்தார், வட்டத்துக்குள் வரவேயில்லை. ஜன்னல் பக்கம் இருந்தாலும் கதவுப் பக்கம் இருந்தாலும் 'ஐலசா' மட்டும் அவர் வாயிலிருந்து இம்மி பிசகாமல் விழுந்தது. புதிதாக வந்த தன்னார்வலர் அவர் கையைப் பிடித்து உட்காரவைக்கப் போனார்; நர்ஸ் தடுத்துவிட்டார்.

நர்ஸ் தடுத்ததற்குக் காரணம் இருந்தது. மனச்சிதைவுக்கான சில மருந்துகளால் கால்கள் ஓரிடத்தில் நிலைகொள்ளாத தவிப்பு வரும். அதை அடங்காமை என்றோ ஆர்வமின்மை என்றோ எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மருந்துகளின் பக்கவிளைவுகளைத் தெரிந்துகொள்ளாமல் குழு நடத்துவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. இதை எந்த இசை வகுப்பும் சொல்லித்தராது. இரவு போட்ட மாத்திரையின் மயக்கம் காலை ஒன்பதரைக்கும் தீர்ந்திருக்காது, அதனால் அமர்வைப் பதினொன்றுக்குத் தள்ளுங்கள். சிலருக்கு வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொள்ளும். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கட்டும். கை நடுங்குகிறவரிடம் விரல் எண்ணித் தாளம் போடச் சொன்னால் நடுக்கம் ஊருக்கே தெரியும். தொடையில் உள்ளங்கையால் தட்டச் சொன்னால் தெரியாது. சலங்கை கொடுத்தால் நடுக்கமே ஓசையாகிவிடும். சிலர் அதை ரசிப்பார்கள், சிலர் கூசுவார்கள், எடுப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். நெடுநேரம் உட்கார்ந்துவிட்டுக் கும்மிக்குச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்காக லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் மே மாத வெயிலில் ஆடி வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால், ரத்தத்தில் லித்தியம் ஏறி ஆபத்தாகலாம். வாந்தி, தள்ளாட்டம், முன்பைவிட அதிக நடுக்கம் என்று கண்டால் பாட்டை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

வாத்தியத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் யோசனை தேவை. உடுக்கையும் பம்பையும் கேட்கக் கேட்க ரத்தம் சூடேறும் வாத்தியங்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் மருத்துவரிடம் வருவதற்கு முன்னால் பேயோட்ட அழைத்துப்போகப்பட்டவர்கள் எத்தனையோ பேர். முடியைப் பிடித்து உலுக்கி, வேப்பிலையால் அடித்தபோது பின்னால் ஒலித்தது இதே உடுக்கைதான். அந்த ஓசை அவர்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று முதல் நாளில் நமக்குத் தெரியாது. பறையைச் சாவு மேளம் என்று ஒதுக்கியதை எதிர்த்துக் கலைஞர்கள் எவ்வளவோ போராடியிருக்கிறார்கள், அதில் பின்வாங்க வேண்டியதில்லை. என்றாலும் போன மாதம் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவருக்கு அது வேறாகத்தான் கேட்கும். இரண்டையும் மனதில் வைத்து, என்ன வாசிக்கலாம் என்று குழுவையே கேளுங்கள். தோல் பறை என்றால் காய்ச்ச நெருப்பு வேண்டும். மைய வளாகத்தில் நெருப்பு மூட்டாதீர்கள், ஃபைபர் பறை வாங்குங்கள். தளம் போட்ட சிறிய அறையில் மூன்று பறை ஒன்றாக ஒலித்தால் காதே தாங்காது. யாரும் பேசாமலே காதில் குரல்கள் கேட்கும் நிலையில் உள்ளவருக்கு இன்னும் கஷ்டம். 'நீ', 'உன்னை' என்று நேராக விளிக்கும் வரிகளைத் தனக்கு வந்த செய்தியாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. முகம் மாறினால் வார்த்தையை விட்டுத் தன்னானேவுக்குப் போய்விடுங்கள். வேகம் ஏற ஏற ஒருவருடைய பேச்சும் நடையும் சேர்ந்து ஏறுகிறதா என்றும் கவனியுங்கள். பைபோலார் (மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்) உள்ளவர்களுக்கு அது மனநிலை அளவுமீறி ஏறுவதன் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம். வாசிக்கும்போதே இதையெல்லாம் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பத்துப் பேருக்கு இருவர் வேண்டும்: ஒருவர் பாட்டைப் பார்க்க, ஒருவர் ஆட்களைப் பார்க்க.

தாலாட்டு, 'லூசு', 'பைத்தியம்' வரும் பாட்டுகள், சாமி பாட்டு எல்லாம் குழுவைக் கேட்டுச் செய்ய வேண்டியவை. குழந்தையைப் பிரிந்திருக்கும் பெண்கள் இந்த மையங்களில் நிறைய, தாலாட்டு அவர்களுக்கு வலிக்கலாம். 'லூசு' பாட்டைக் குழுவில் இருப்பவர்களே எடுத்துச் சிரித்தால் அது அவர்கள் உரிமை, நாம் எடுக்கக் கூடாது.

ஆண்டுவிழாவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுப்பே உண்டு. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் குழுவுக்கு நிர்வாகத்திலிருந்து உத்தரவு வரும்: சிறப்பு விருந்தினர் வருகிறார், மூன்று பாட்டு தயார் செய்யுங்கள். அன்று முதல் நன்றாகப் பாடுகிற நான்கு பேர் முன்வரிசைக்குப் போவார்கள். சுவரோரம் நடப்பவர் மூன்றாவது ஒத்திகையில் வருவதை நிறுத்திவிடுவார். விழாவில் எடுத்த போட்டோ மறுநாள் ஃபேஸ்புக்கில் ஏறும். மையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவருடைய சம்மதமில்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாதென்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 24-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் படத்தால் உடைவது ஒருவருக்கு வந்த வரனாகவும் இருக்கலாம், வேலையாகவும் இருக்கலாம். குழுவே மேடை ஏற ஆசைப்பட்டால் தாராளமாக ஏறட்டும், கேட்டது யார் என்பதுதான் கேள்வி.

கடைசியாக, நிறுத்தும் விதம். மாணவர்களின் ப்ராஜெக்ட் முடிந்தது, நிதி தீர்ந்தது என்று ஒரு வாரம் யாரும் வராமல் போவது. செவ்வாய்க்கிழமையென்றால் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் காத்திருப்பவர்களிடம் இதைச் செய்யக் கூடாது. முடிவுத் தேதியை முதல் வாரமே சொல்லுங்கள், கடைசி மாதம் மறுபடி நினைவூட்டுங்கள். குழுவிலேயே அடி எடுத்துக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். அவரிடம் ஒப்படைக்க முடிகிறதா என்று பாருங்கள். வழக்கமாக வருகிறவர் சொல்லாமல் வராவிட்டால் மைய ஊழியர் அன்றே போன் செய்யும் ஏற்பாடும் வேண்டும். பாட்டு முடிந்து செருப்பு மாட்டும்போது யாராவது "வாழப் பிடிக்கவில்லை" என்று சொன்னால், அவரைத் தனியாக விட்டுவிடாமல் மைய மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவர் இல்லாத நேரமென்றால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.