கிட்டார் நெக்குல லக்கர் அடிச்சா வெள்ளையா பூக்குதா?

தலவாக்கலை மாதிரி ஈரமான மலைநாட்டுப் பக்கம் இருக்குறவங்களுக்கு இது உதவும். பினிஷ் இல்லாத மேப்பிள் மர நெக் (கிட்டாரோட கழுத்து) ஒன்னு, விரல் வைக்கிற பலகைக்கு டேப் ஒட்டி, 320 நம்பர் சாண்ட்பேப்பர்ல தேச்சு, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லக்கர் ஸ்ப்ரே அடிச்சேன், காயக் காய பால் ஊத்துன மாதிரி வெள்ளையா மூட்டம் போட்டுருச்சு. தேச்சு திரும்ப அடிச்சாலும் அதே கதை. வேற கடையில வேற டின் வாங்கியும் மாறல. மழைக்குப் பயந்து குசினிக்குள்ள வச்சு அடிச்சா இன்னும் மோசம், அங்க கேத்தல் ஆவி வேற. கடுப்பாகிருச்சு.

ஒரு விசயம்தான் கண்ணுல பட்டுச்சு: நான் கையால புடிச்சிருந்த அடிப்பகுதிக்குப் பக்கத்துல மட்டும் வெள்ளை இல்ல. அந்த எடத்துல மரம் சூடா இருந்துருக்கு. லக்கர்ல உள்ள தின்னர் (கரைப்பான்) வேகமா ஆவியாகும்போது மேல்பரப்பு இன்னும் குளுந்து, ஈரக்காத்துல உள்ள தண்ணி லக்கர்லயே படிஞ்சிருது, அதான் வெள்ளை.

அதனால நெக்கை குண்டு பல்ப் பக்கத்துல வெதுவெதுப்பாக்கி, பல்பை அணைச்சு தள்ளி வச்சுட்டு (ஆவி நெருப்பு புடிக்கும்), பனி விலகுன மத்தியானத்துல வெளிய மெல்லிசா அடிச்சேன். முன்னாடி படிஞ்ச வெள்ளைக்கு ரிட்டார்டர் தின்னரை (மெதுவா ஆவியாகுற தின்னர்) மட்டும் லேசா தூவுனேன், கண்ணு முன்னாலயே தெளிஞ்சிருச்சு, தேய்க்கவே தேவையில்ல. மரவேலை பாஸ்மார் மழைக்காலத்துல இதைத்தான் கலக்குறாங்களாம்.

மூணு கிழமை காயவிட்டு, பின்பக்கத்தை மட்டும் 0000 ஸ்டீல் வூல்ல (ரொம்ப மெல்லிசான இரும்புக் கம்பிப் பஞ்சு) மங்கலாக்குங்க, கை ஒட்டாது. பிக்கப் (கம்பிக்குக் கீழ சத்தத்தை வாங்குற காந்தப் பகுதி) பக்கத்துல வச்சு தேய்க்காதீங்க, இரும்புத்தூள் போய் காந்தத்துல ஒட்டிக்கும்.