கேப்பிலரிக் குழாய்களை இணைக்கும் முன் முனையை நனையுங்கள்

ஜிசி (வாயு நிறப்பிரிகை) கருவியில் இரண்டு கேப்பிலரிக் குழாய்களை, அதாவது மயிரிழை போன்ற நுண்குழாய்களை, கண்ணாடி பிரஸ்-ஃபிட் இணைப்பியால் (அழுத்திச் செருகும் இணைப்பியால்) சேர்க்கும்போது, முனையை மெத்தனாலில் நனைத்த தாளால் துடைத்து, ஈரம் காயும் முன்பே நேராக அழுத்திச் செருகுங்கள்.

இணைப்பியின் உட்புறம் நடுவை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். குழாயின் மேலுள்ள பாலிஇமைடு (வெப்பம் தாங்கும் பழுப்பு நிற பிளாஸ்டிக்) பூச்சு அந்தச் சரிவில் நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது. மெத்தனால் வழுக்கிக் கொடுப்பதால் முனை இன்னும் சற்று ஆழமாகப் போய் உட்காரும், அப்புறம் ஆவியாகிவிடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: முனையைச் சுற்றிப் பழுப்பு வளையம் ஒன்று எங்கும் அறுபடாமல் தெரிய வேண்டும். அரைவட்டமாகத் தெரிந்தால் அதை நம்பிக் கருவியை ஓட்ட வேண்டாம். முனையைப் புதிதாக வெட்டி, வேறு இணைப்பியைப் போடுங்கள்.

வெட்டு சாய்வாகவோ பிசிறாகவோ இருந்தால் எவ்வளவு நனைத்தும் பயனில்லை. செராமிக் வேஃபரால் (குழாய் வெட்டும் மெல்லிய பீங்கான் தகட்டால்) லேசாகக் கீறி ஒடித்து, வெட்டிய முகம் குழாய்க்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாலிஇமைடு பூச்சில்லாத உலோகக் குழாய்களுக்கு இந்த வழி சரிவராது. குழாய்கள் இருக்கும் கருவியின் அடுப்பு அடிக்கடி மிக உயர்ந்த வெப்பத்துக்கு ஏறி இறங்கும் வேலை என்றால் கண்ணாடி இணைப்பு நாளடைவில் தளரக்கூடும். அங்கே ஃபெரூல் (குழாயைக் கவ்வும் சிறு வளையம்) வைத்து இறுக்கும் உலோக இணைப்பிதான் சரி.