நெஞ்சில் நீர் கோர்த்தால் டாக்டரிடம் பழைய வேலையைச் சொல்லுங்கள்

மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். அறுபத்தைந்து வயதுக்காரர் ரிட்டையர் ஆகிவிட்டேன் என்பார், இல்லாவிட்டால் இப்போது பார்க்கும் வாட்ச்மேன் வேலையைச் சொல்வார். முப்பது வருஷத்துக்கு முன்னால் பாய்லரில் லேகிங் (சூடு வெளியேறாமல் சுற்றியிருக்கும் உறை) பிரித்துப் போட்ட கதை கேஸ் ஷீட்டில் ஏறவே ஏறாது. மீசோதீலியோமா என்ற புற்றுநோயில் அந்தப் பழைய கதைதான் முக்கியமான துப்பு.

நுரையீரலைச் சுற்றி புளூரா என்று ஒரு மெல்லிய உறை இருக்கிறது. மீசோதீலியோமா பெரும்பாலும் அந்த உறையில் வருகிறது, சிலருக்கு வயிற்று உறையில். நுரையீரல் புற்றுநோய் வேறு, இது வேறு. பீடி சிகரெட்டால் இது வருவதில்லை (ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் தூசியோடு புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு ஏறும்). மிகப் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார். கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் மூச்சோடு உள்ளே போய் உறையில் தங்கி, கரையாமல், பல வருஷம் புண்ணாக்கிக்கொண்டே இருக்கும். நோய் தலைகாட்ட 20 முதல் 50 வருஷம்கூட ஆகலாம். 1960ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 33 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் சுரங்கத்தில் வேலையே செய்யாமல், அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்களும் இருந்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, பதினைந்து பதினாறு வயதில் பார்த்த முதல் வேலையிலிருந்து வரிசையாக எழுதுங்கள். எந்த ஊர், என்ன கம்பெனி, யார் காண்ட்ராக்டர், எத்தனை வருஷம் என்பதோடு கையில் பிடித்த பொருளையும் எழுதுங்கள், ஏனென்றால் "ஹெல்பர்" என்ற பதவிப் பெயரிலிருந்து டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் அறுத்தது, துளை போட்டது, பிரேக் லைனிங் தேய்த்தது, கேஸ்கெட் வெட்டியது, ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றியது, கப்பல் உடைத்தது, இடிப்பு வேலை, எல்லாமே கணக்கு. மனைவிமார்களும் எழுத வேண்டும். கணவரின் தூசி படிந்த சட்டையை உதறித் துவைத்தே இந்த நோய் வாங்கிய பெண்கள் பல நாடுகளில் உண்டு.

அறிகுறி பார்த்தால் எல்லா நோய்க்கும் பொதுவானதுதான்: மூச்சிரைப்பு, ஒரு பக்க நெஞ்சுவலி, எடை குறைவது, அப்புறம் நெஞ்சில் நீர் கோர்ப்பது. நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் டாக்டருக்கு முதலில் டிபிதான் ஞாபகம் வரும். அதில் தப்பில்லை, பெரும்பாலும் அதுவாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். ஆனால் டிபி மாத்திரை சாப்பிட்டும் நீர் திரும்பத் திரும்பச் சேர்கிறது, வலியும் குறையவில்லை என்றால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதி வைத்த தாளைக் காட்டி "ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்திருக்கிறேன், பயாப்ஸி தேவைப்படுமா?" என்று நேராகக் கேளுங்கள் (பயாப்ஸி என்றால் சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது). எடுத்த நீரைச் சோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தாலும் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடாது. சிடி ஸ்கேன் எடுத்து, தோராகோஸ்கோப்பி என்ற குழாய்க் கேமரா வழியாக உறையிலிருந்து சதை எடுத்துப் பார்த்தால்தான் பெரும்பாலும் உறுதியாகும்.

சிகிச்சையைப் பற்றி ஆசை வார்த்தை சொல்ல மாட்டேன், முழுதாகக் குணமாவது அரிது. பெமெட்ரெக்செட்டோடு சிஸ்பிளாட்டின் சேர்த்துக் கொடுக்கும் கீமோவும், சிலருக்கு இம்யூனோதெரபியும் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) ஆயுளை நீட்டுகின்றன. நீரை வடித்து மறுபடி சேராமல் தடுத்தாலே மூச்சு எவ்வளவோ லேசாகும், அதனால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னும் இந்தத் தூசியில் வேலை செய்பவர்களுக்கு: ஷீட்டைக் கட்டிங் மெஷினில் அறுக்காதீர்கள், நனைத்துவிட்டு முழுசாகக் கழற்றுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கர்ச்சீப்பும் சர்ஜிகல் மாஸ்க்கும் இந்த இழையைத் தடுக்காது. வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகாதீர்கள். உடையாமல் கூரையில் கிடக்கும் ஷீட்டைப் பார்த்து மட்டும் பயந்து, அவசரமாக உடைத்து இறக்குவது இன்னும் மோசம். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்தில்லை என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் வைத்திருக்கிறது. 60க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன, நாம் இன்னும் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம்.

கடைசியாக, நஷ்டஈடு. ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா, பழைய இஎஸ்ஐ சட்டத்திலும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருந்தது, 2025 நவம்பரில் அவற்றுக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே தீர்ப்பளித்தது. நடப்பில் கம்பெனியே மூடியிருக்கும். அதனால் இஎஸ்ஐ கார்டு, பிஎஃப் சீட்டு, பழைய சம்பள ரசீது, கேட் பாஸ் என எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். கூட வேலை பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, நீங்கள் அங்கே வேலை பார்த்ததை எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். பயாப்ஸி ரிப்போர்ட் வந்த கையோடு, நாள் கடத்தாமல் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீலையோ பாருங்கள், மனு போடுவதற்குக் காலக்கெடு உண்டு.